பிக்கப் மேல் ஏறிய இரும்பு

தாண்டிக்குடியில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் என் அத்தை மகன் 2017-இல் நான்கு சக்கர இழுவை உள்ள இரட்டைக் கேபின் பிக்கப் ஒன்றை வாங்கினார். உர மூட்டையை மேலே ஏற்ற வேண்டும், மலைவாழைத் தாரையும் காப்பியையும் கீழே வத்தலக்குண்டுக்கு இறக்க வேண்டும், விடுமுறையில் பிள்ளைகளோடு எங்காவது போய்வர வேண்டும். மூன்றுக்கும் ஒரே வண்டி என்பதுதான் கணக்கு. இரண்டு வருடம் அந்தக் கணக்கு சரியாகவே ஓடியது. அதற்குப் பிறகு வண்டியை ‘ஆல்ட்ரேஷன்’ பண்ணினார். இரண்டு அங்குலம் உயர்த்தும் சஸ்பென்ஷன், பெரிய டயர், இரும்பு பம்பர், அதற்குள் வடம் சுற்றி இழுக்கும் வின்ச், பக்கவாட்டில் இரும்புக் குழாய், அடியில் தகடு, பின்தொட்டிக்குக் கூடு, கூட்டுக்கு மேல் கேரியர், அதன் மேல் மடக்குக் கூடாரம், இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்றெடுக்கும் ஸ்னார்கெல், இரண்டாம் பேட்டரி, நீள விளக்கு. எல்லாம் சேர்த்து ஆறரை லட்சம் ஆனது. வண்டி விலையில் பாதியை நெருங்குகிற தொகை.

“மாப்ள, போட்ட காசுக்கு வொர்த்தா இல்லையா, நீயே ஓட்டிப் பாத்துச் சொல்லு” என்று சாவியைக் கொடுத்தார். அன்றே சொல்ல என்னால் முடியவில்லை. அந்த வண்டியோடு நான்கு மழைக்காலம் போய்வந்த பிறகு இப்போது எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி இப்போது பலருக்கு வருகிறது. 2016-இல் இசுசு வி-கிராஸ் 12.49 லட்சம் ரூபாய்க்கு வந்தபோது, சொந்த உபயோகத்துக்குப் பிக்கப் வாங்குவது இங்கே பலருக்குப் புதிய யோசனை. 2022-இல் டொயோட்டா ஹைலக்ஸ் 33.99 லட்சத்தில் தொடங்கியது. இரண்டும் ஷோரூம் விலை. இந்த வண்டிகளோடு கூடவே, வாங்கிய மறுவாரமே கழற்றி மாட்டும் பழக்கமும் வந்துவிட்டது. வண்டிக்குக் கடன் வாங்கி, மாற்றங்களுக்குத் தனிக்கடன் வாங்குகிறவர்களையும் பார்க்கிறேன். அதனால் இதை ஆசை சம்பந்தப்பட்டது என்று ஒதுக்கிவிட முடியாது. குடும்பப் பணம் இதில் போகிறது. அதைவிட முக்கியமாக, சாலையில் போகிற மற்றவர்களின் உயிரும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

இந்தப் பழக்கம் பிறந்த இடத்தில் அதற்குக் காரணம் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1975-இல் தொடங்கிய ஏஆர்பி நிறுவனம்தான் இன்று உலகம் முழுக்கப் பார்க்கிற இந்த உருவத்தை வளர்த்ததில் பெரும்பங்கு வகித்தது. அங்கே கானிங் ஸ்டாக் ரூட் என்று ஒரு தடம் இருக்கிறது. சுமார் 1,850 கிலோமீட்டர் பாலைமணல். நடுவில் நின்றுபோனால் உதவி வர நாள்கணக்காகலாம். இரவில் கங்காரு குறுக்கே பாயும். ரேடியேட்டர் உடைந்தால் பயணம் அதோடு முடிந்தது. அப்படிப்பட்ட இடத்தில் இரும்பு பம்பர் ஒரு காப்பீடு. வின்ச், இரண்டாம் பேட்டரி, கூடுதல் டீசல் தொட்டி எல்லாவற்றுக்கும் அங்கே காரணம் இருக்கிறது. நம் மலைகளில் கங்காரு இல்லை. தாண்டிக்குடியிலிருந்து எந்தப் பக்கம் ஓட்டினாலும் ஒரு மணி நேரத்துக்குள் தேநீர்க் கடை வந்துவிடும். பொருள் கடல் தாண்டி வந்துவிட்டது, அதன் காரணம் அங்கேயே நின்றுவிட்டது. இங்கே மாட்டுகிற ஒவ்வொன்றையும் நம் ஊர்க் காரணம் கேட்டுத்தான் எடைபோட வேண்டும்.

உயரத்திலிருந்து தொடங்குகிறேன். ஏமாற்றம் அதிகம் இருப்பது அங்கேதான். சஸ்பென்ஷனை இரண்டு அங்குலம் தூக்கினால் வண்டியின் அடி முழுவதும் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உயர்வது சட்டகமும் அதன் மேல் உள்ள உடலும் மட்டுமே. பின் அச்சு சக்கரங்களோடு சேர்ந்தது. அச்சின் நடுவே பூசணிக்காய்போல் தொங்கும் டிஃபரன்ஷியல், நம் மெக்கானிக்குகள் ‘கிரவுன்’ என்று சொல்வது, இருந்த இடத்திலேயே இருக்கும். பாதையின் நடுமேட்டில் முதலில் இடிப்பதும் அதுதான். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். 245/70 ஆர் 16 அளவு டயரைக் கழற்றிவிட்டு 265/75 ஆர் 16 போட்டால் டயரின் விட்டம் 749 மில்லிமீட்டரிலிருந்து 804 ஆகிறது. அதில் பாதி, ஏறக்குறைய 27 மில்லிமீட்டர், கிரவுனுக்குக் கிடைக்கும் உண்மையான உயரம். ஒரு அங்குலம், அவ்வளவுதான். அதற்கும் விலை உண்டு. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 107-இல் போய்க்கொண்டிருக்கும். எல்லா கியரும் ஏழு சதவீதம் நீண்டுவிடும். மலையேற்றத்தில் இரண்டாம் கியரில் ஏறிய இடத்தில் முதல் கியர் கேட்கும். டயரின் எடை கூடுவதால் பிரேக்குக்கும் வேலை கூடும்.

உடலை உயர்த்துவதில் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்மூக்கு பாறையில் இடிக்காமல் ஏறும் கோணம் கூடுகிறது. நீளமான பிக்கப்புக்கு வயிறு தட்டுவது பெரிய தொல்லை. அதுவும் கொஞ்சம் குறைகிறது. ஆனால் அந்த இரண்டு அங்குலத்துக்கு முன் அச்சு என்ன விலை கொடுக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் வருட அக்டோபரில் வண்டி திரும்பும்போது இடது முன்சக்கரத்தில் டக் டக் என்று ஒரு சத்தம் வந்தது. சக்கரத்தைக் கழற்றினோம். ரிம்மின் உட்புறம் முழுக்கக் கறுத்த கிரீஸ், விசிறி அடித்ததுபோல் வட்டமாகத் தெறித்திருந்தது. ஆக்ஸில் ஜாயின்ட்டின் ரப்பர் பூட் மடிப்பு ஒன்றில் விரல் நுழையும் அளவு கிழிந்திருந்தது. உள்ளே விரலை விட்டு எடுத்தால் கிரீஸோடு சிவப்பு மண் நறநறவென்று வந்தது. முன்பக்கம் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியை உயர்த்தினால், கியரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் நேராக இருப்பதற்குப் பதில் கீழ்நோக்கிச் சரிந்து நிற்கும். அந்தச் சரிவிலேயே அது எப்போதும் சுழல வேண்டும். ரப்பர் மடிப்புகள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்கும். மாட்டிக்கொடுத்த கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டபோது, “எல்லா வண்டிக்கும் வர்றதுதான் சார்” என்றார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பூட் இரண்டு முறை மாறியது. ஜாயின்ட் ஒரு முறை. வாங்கும்போது சொன்ன ஆறரை லட்சத்தில் இந்தச் செலவு சேர்ந்திருக்கவில்லை.

இனி எடை. என் தீர்ப்பு பெரும்பாலும் இதன் மேல்தான் நிற்கிறது.

பிக்கப் என்றால் சுமை ஏற்றும் வண்டி. ஒவ்வொரு வண்டிக்கும் தயாரித்தவர் வகுத்த மொத்த எடை ஒன்று உண்டு. அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மீதி இருப்பது ஆளுக்கும் சரக்குக்கும். மாட்டுகிற இரும்பு எல்லாம் இந்த மீதியிலிருந்துதான் போகும். அத்தை மகனோடு உட்கார்ந்து ஒரு மாலை கணக்குப் போட்டோம். முன் பம்பர் சுமார் 60 கிலோ. கம்பிவடத்தோடு வின்ச் 40. தொட்டிக் கூடு 70. கேரியரும் கூடாரமும் 80. அடித்தகடுகள் 35. பக்கக் குழாய்கள் 40. இரண்டாம் பேட்டரி 20. கூட்டினால் 345 கிலோ வருகிறது. யூரியா மூட்டை ஒன்று 45 கிலோ. ஏழரை மூட்டைக்கு மேல் எப்போதும் இறங்காமல் வண்டி மேல் உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்குப் பிள்ளையை விடப் போனாலும் ஏழரை மூட்டை, பால் வாங்கப் போனாலும் ஏழரை மூட்டை. காகிதத்தில் அந்த எண்ணை எழுதிய பிறகு அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பம்பரும் வின்ச்சும் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகின்றன. மூன்று மீட்டர் சொச்சம் அச்சிடைவெளி உள்ள வண்டியில், அச்சுக்கு முக்கால் மீட்டருக்கு மேல் முன்னே 100 கிலோவைத் தொங்கவிட்டால் முன் அச்சு மேல் ஏறத்தாழ 125 கிலோ விழும். பின் அச்சிலிருந்து 25 கிலோ எழும்பிவிடும். ஏற்ற இறக்கப் பலகையின் தத்துவம்தான். காலி வண்டியாக மழையில் ஏறும்போது பின்சக்கரம் முன்பைவிடச் சீக்கிரம் வழுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கூடாரமோ தலைக்கு மேல் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்வதை வயிற்றில் உணரலாம். பின்பக்கம் அமுங்கியதால் லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டினார்கள். அதனால் காலியாகப் போகும்போது வண்டி குதிக்கிறது. விறைத்த ஸ்பிரிங் குழிக்குள் சக்கரத்தை இறக்கிவிடாது. சக்கரம் அந்தரத்தில் சுற்றும். மேடுபள்ளத்தில் நன்றாகப் போக வேண்டும் என்று தொடங்கிய வேலை, சக்கரத்தைத் தரையிலிருந்து பிரித்துவிட்டு நின்றது.

ஆஸ்திரேலியாவில் விற்கும் இரட்டைக் கேபின் ஹைலக்ஸ் ஏறக்குறைய ஒரு டன் தாங்கும். அங்கேயே பின் அச்சுக்குப் பின்னால் அளவு மீறி ஏற்றி, ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப்பை வைத்து ஓட்டிய இரட்டைக் கேபின் வண்டிகளின் சட்டகம் வளைந்துபோன கதைகள் நிறைய. கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் வண்டி கூன் விழுந்து நிற்கும். அதனால் அங்கே மொத்த எடை வரம்பையே சட்டப்படி உயர்த்திக்கொள்ளும் வழி வைத்திருக்கிறார்கள். சோதிக்கப்பட்ட ஸ்பிரிங், அதற்குச் சான்று, வண்டியில் புதிய தகடு.

நம்மிடம் சட்டம் வேறு விதம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புல் பார் எனப்படும் முன் இரும்புக் காப்பு மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. விற்கிற கடையில் இதைச் சொல்பவர்கள் குறைவு. “யாரும் பிடிக்க மாட்டாங்க” என்பதுதான் வழக்கமான பதில். போலீஸ்காரர் பிடிக்காமல் விடலாம். விபத்துக்குப் பின் வருகிற இன்சூரன்ஸ் சர்வேயர் அப்படி விட மாட்டார். சொல்லாமல் செய்த மாற்றம், பணம் கொடுக்க மறுப்பதற்கு நாமே எழுதிக்கொடுத்த காரணமாகிவிடும்.

எனக்கு அபராதத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. வண்டியின் மூக்கு நசுங்குவதற்கென்றே கட்டப்பட்டது. மோதும்போது அது மடிந்து, வேகத்தை வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பவரையும் எதிரே இருப்பவரையும் ஓரளவு காக்கிறது. எத்தனை மில்லிவினாடியில் காற்றுப்பை விரிய வேண்டும் என்பது அந்த மடிப்பின் வேகத்தைக் கணக்கிட்டு வைத்தது. சட்டகத்தில் நேராகப் பூட்டிய இரும்புக் குழாய் இந்த இரண்டையும் கெடுக்கிறது. ஆஸ்திரேலியாவில் நல்ல நிறுவனங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் தனியாக, காற்றுப்பைக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துத்தான் பம்பர் செய்கின்றன. நம்மூர்ப் பட்டறையில் மூன்று அங்குலக் குழாயை வளைத்து வெல்டிங் வைத்தால் அதற்கு அந்தக் கணக்கு தெரியாது. அந்தப் பம்பரின் உயரத்தில் நம் தெருக்களில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் நெஞ்சு, டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போகிறவரின் இடுப்பு. கங்காருவுக்காகச் செய்த ஒன்றை இந்தத் தெருக்களில் கொண்டுவந்து ஓட்டும் உரிமை நமக்கு இல்லை என்றே நினைக்கிறேன். நீள விளக்கும் அப்படித்தான். மலைப்பாதை வளைவில் எதிரே வருகிற பேருந்து ஓட்டுநரின் கண்ணை இரண்டு வினாடி பறித்தால் போதும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம்.

இத்தனை சொன்ன பிறகு மறு தட்டையும் நேர்மையாக வைக்க வேண்டும், ஏனென்றால் அதிலும் எடை இருக்கிறது.

டயர் அந்தத் தட்டில் முதலில் வருகிறது. நெடுஞ்சாலை டயரைக் கழற்றி, எல்லாத் தரைக்குமான தடித்த டயர் போட்டதும் வண்டி வேறு வண்டியானது. தோட்டப் பாதையில் கூர்கல் பக்கச்சுவரைக் கிழித்து வருடத்துக்கு ஒரு டயராவது போய்க்கொண்டிருந்தது நின்றது. காற்றைக் குறைத்து ஓட்டக் கற்றுக்கொண்ட நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. ஈரச் செம்மண் ஏற்றத்தில் மூன்று முறை வழுக்கி இறங்கிய வண்டி, 32-இல் இருந்த காற்றை 20-க்குக் குறைத்ததும் நான்காம் முறை சாவகாசமாக ஏறிப்போனது. டயரின் தடம் நீண்டு தரையைக் கவ்விப் பிடித்தது. அதற்கு ஆன செலவு ஒரு காற்றளவி, திரும்ப நிரப்ப ஒரு சிறு கம்ப்ரஸர். ஆறரை லட்சத்தில் அந்த இரண்டும் சில ஆயிரம்கூட ஆகவில்லை. கொடுத்த காசுக்கு அவற்றைவிட அதிகம் திருப்பித் தந்த பொருள் அந்தப் பட்டியலில் வேறில்லை.

அடித்தகடும் தன் சம்பளத்தைச் சம்பாதித்தது. இன்ஜின் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஒரு கல் குத்தினால் வண்டி அங்கேயே நிற்கும். தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது முட்டி அளவில் இரண்டு சொட்டைகள் இருந்தன. இரண்டும் சம்ப்புக்கு நேர் கீழே.

வின்ச் பற்றி என் எண்ணம் மாறியது ஒரு நவம்பர் விடிகாலையில். இரவெல்லாம் மழை. கீழ்த்தோட்டத்தில் கூலி வேலைக்கு வந்திருந்த குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி. பாதையின் குறுக்கே ஒரு சில்வர் ஓக் விழுந்து கிடந்தது. அரிவாளால் வெட்டினால் பொழுது விடிந்துவிடும். அத்தை மகன் வடத்தை இழுத்துக்கொண்டுபோய் மரத்தின் நுனிப்பக்கம் கட்டினார். வடத்தின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போட்டார். அறுந்தால் மேலே விசிறாமல் கீழே விழ வேண்டும் என்பதற்காக. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு விசையை அழுத்தினார். மரம் மெல்லப் புரண்டு, வண்டி நுழையும் அளவு திரும்பியது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். வின்ச்சுக்குக் கொடுத்த காசைப் பற்றி அன்றைக்குப் பிறகு நான் பேசியதில்லை. மழைக்காலத்தில் ஆள் தனித்துப்போகும் இடத்தில் வாழ்கிறவருக்கு அது தேவைப்படும் கருவி. ஆனால் அதைத் தாங்க 60 கிலோ அலங்காரப் பம்பர் தேவையில்லை. சட்டகத்தில் பூட்டி, வண்டியின் சொந்தப் பம்பருக்குப் பின்னால் மறைந்து நிற்கிற தாங்கிகளே இருக்கின்றன. கம்பிவடத்துக்குப் பதில் செயற்கை இழைக் கயிறு போட்டால் எடையும் குறையும், அறுந்தால் வீச்சும் குறையும்.

இழுப்பதைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பம்பரில் சிவப்பு வர்ணம் பூசிய வளையங்கள் தொங்குவது இப்போது வழக்கம். அவற்றில் பல அழகுக்கு வெல்டிங் வைத்தவை. சேற்றில் சிக்கிய இரண்டு டன் வண்டியை மீள்கயிறு கட்டி வெடுக்கென்று இழுக்கும்போது வரும் விசை சாதாரணமானதல்ல. ஆஸ்திரேலியாவில் டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு கட்டி இழுத்து, அது முறிந்து பறந்து உயிர்கள் போயிருக்கின்றன. சட்டகத்தோடு பூட்டிய, தாங்கும் எடை பொறித்த கொக்கி இல்லாத வண்டியில் வேறு எதை மாட்டியிருந்தாலும் மீட்புக்கு அது தயாரில்லை.

கொழுக்குமலைக்குப் போனவர்களுக்கு நான் அடுத்துச் சொல்வது புரியும். தேனி மாவட்டத்தில் இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வண்டிப்பாதை கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்துதான். விடியலைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு இருட்டிலேயே ஜீப்புகள் கிளம்பும். பாதை என்று சொல்வது பழக்கத்தால். உருண்டைக் கற்களின் ஓடை அது. அதில் தினமும் ஏறி இறங்குபவை பழைய மஹிந்திரா ஜீப்புகள். லிஃப்ட் இல்லை, ஸ்னார்கெல் இல்லை. நான் போன ஜீப்பின் ஓட்டுநர் கியரை, நான்கு சக்கரமும் மெதுவேகத்தில் இழுக்கும் ஃபோர் லோவில் போட்டு, முதல் கியரில் விட்டு, இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துவிட்டார். இன்ஜின் தன் பாட்டுக்கு ஊர்ந்தது. கட்டைவிரல் இரண்டும் ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே போகாமல் வெளியே படிந்திருந்தன. சக்கரம் கல்லில் அடித்து ஸ்டியரிங் திமிறினால் ஆரம் விரலை முறித்துவிடும் என்றார். ஓரிடத்தில் நிறுத்தி, இறங்கி, செல்போன் வெளிச்சத்தில் இரண்டு கல்லைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “நேத்து இந்தக் கல்லு இங்க இல்ல சார்.” அவ்வளவுதான். ஒரு முறைகூட டயர் சுழலவில்லை. அதே பாதையில் அத்தை மகனின் வண்டியை நான் ஓட்டியிருந்தால் எங்காவது சிக்கியிருப்பேன் என்பது நிச்சயம். சில நாள் பயிற்சி வகுப்புக்குக் கொடுக்கும் பணம் எந்த பம்பரைவிடவும் வண்டியை முன்னே கொண்டுபோகும். அந்தப் பணத்தைச் செலவு செய்ய மட்டும் பலருக்கு மனம் வருவதில்லை, ஏனென்றால் அது வெளியே தெரியாது.

தனித்தனியாக மாட்டுவதற்குப் பதில் தொழிற்சாலையிலேயே தயாராகி வரும் வண்டி மேலா என்று கேட்கலாம். பொறியியல் முறையில் மேல்தான். ஃபோர்டு 2010 மாடலாகக் கொண்டுவந்த எஃப்-150 ராப்டர், ஷாக், அச்சகலம், டயர் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தக் கணக்கிட்டுச் செய்தது. ஷெவர்லே 2019-இல் கொலராடோ பைசனுக்கு, ஏஇவி என்ற மாற்றியமைக்கும் நிறுவனத்தோடு சேர்ந்து போரான் எஃகில் அடித்தகடு செய்தது. இலகுவாகவும் இருக்கும், உறுதியாகவும் இருக்கும். வாரண்டி உண்டு, இன்சூரன்ஸ் தகராறு இல்லை. ஆனால் அங்கேயும் எடைக்கணக்கு மாறவில்லை. பாலைவன வேகத்துக்காக மென்மையாகச் செய்த ஸ்பிரிங் காரணமாக முதல் ராப்டரின் சுமைத்திறன் 450 கிலோவை ஒட்டியே நின்றது. சாதாரண எஃப்-150 வகைகள் பல அதைவிட வெகு அதிகம் ஏற்றும். உலகின் மிகப் பெரிய நிறுவனமானாலும், கரடுபாதையில் பறக்கவும் மூட்டை சுமக்கவும் ஒரே ஸ்பிரிங்கைச் செய்துவிட முடியாது. எது வேண்டும் என்று வாங்குகிறவர்தான் முடிவு செய்தாக வேண்டும்.

எங்கே ஓட்டப் போகிறோம் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை விடுவது குற்றம். ஆற்றுப்படுகையில் சக்கரத்தை ஓட்டிக் கலக்குவது என் கண்ணுக்குச் சாகசமாகப் படவில்லை. லடாக் போகத்தான் இதையெல்லாம் மாட்டுகிறோம் என்பார்கள் சிலர். 19,024 அடி உயரத்தில் உள்ள உம்லிங் லாவுக்கே எல்லைச் சாலைகள் நிறுவனம் தார்ச்சாலை போட்டுவிட்டது. வருடத்தில் எத்தனை நாள் தகுந்த பாதையில் ஓடும் என்று விரல்விட்டு எண்ணி, செலவை அந்த எண்ணால் வகுத்துப் பார்த்தாலே பாதிப் பட்டியல் தானாக உதிர்ந்துவிடும். தோட்டத்தில் வாழும் அத்தை மகனுக்கே வருடத்தில் மழைக்காலத்து நாற்பது ஐம்பது நாள்தான் தேறியது. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்கிற ஒருவருக்கு என்ன தேறும்?

என் முடிவைக் கேட்டால், முதல் வருடம் வண்டியை வந்தபடியே ஓட்டச் சொல்வேன். டயர், காற்றுக் கருவிகள், தரமான இழுகொக்கி, சம்ப்புக்குத் தகடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வண்டி எங்கே, எதனால் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். மூன்று முறை ஒரே காரணத்தால் நின்றால் அந்தக் காரணத்துக்கு மட்டும் பணம் செலவிடலாம். தனியாகப் போகிற, மழையில் துண்டிக்கப்படுகிற இடத்துக்காரருக்கு வின்ச் சரி. உயர்த்துவது, புல் பார், கூரைக் கூடாரம், நீள விளக்கு இவற்றை நம் ஊர் வண்டிக்கு எந்த விலையிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

போன தை மாதம் அத்தை மகன் அந்த வண்டியை விற்றார். ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவர் பார்க்க வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். கூடாரத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. குனிந்து சட்டகத்தின் ஓரமாக விரலை ஓட்டிக்கொண்டே போனார், கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்று இரண்டு முறை தடவினார். லீஃப் ஸ்பிரிங்கின் பட்டைகளை எண்ணினார். தொட்டிக் கூட்டைத் தட்டி, “இதக் கழட்டிருவீங்களாண்ணே? தக்காளிப் பெட்டி அடுக்கணும்” என்றார். பிறகு கேட்டார், “கம்பெனி பம்பர் பத்திரமா இருக்குங்களா?”

இருந்தது. காப்பிக் கொட்டகைப் பரணில் சாக்கு சுற்றி வைத்திருந்தார்கள். அதை இறக்கித் துடைத்து மாட்டிய பிறகுதான் விலை பேசினார்கள். மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு அந்த வருடம் போன விலையேதான் கிடைத்தது. வின்ச்சை மட்டும் அத்தை மகன் கொடுக்கவில்லை. அடுத்து வாங்கப்போகிற வண்டிக்கென்று எண்ணெய் தடவி எடுத்து வைத்திருக்கிறார்.